பெயர் தெரியாத வீரனுக்கு ஒரு படையல்

வேன் மேற்கே திரும்பாமல் கிழக்கே திரும்பியபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சுற்றுலா என்றால் மலைக்குப் போவது. வடக்கனந்தலில் எங்கே நின்று பார்த்தாலும் கல்வராயன் மலை கொல்லைப்புறத்துச் சுவர் மாதிரி நிற்கும். ஆடி மாதம் ஒருமுறை மேலே ஏறுவோம். அருவியில் குளிப்போம், கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்போம், ஒரு பலாப்பழத்தோடு இறங்குவோம். இதைத் தவிர வேறு ஊர்சுற்றல் எங்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட குடும்பம் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் நடக்கிற நாளில், ஓவியமும் சிற்பமும் வைத்திருக்கிற கலைக்கூடத்தைப் பார்க்கக் கிளம்பியது. எனக்குப் பத்து வயது. காலண்டர் படத்தைத் தவிர வேறு எந்தப் படத்தையும் எங்கள் வீட்டு ஆட்கள் நின்று பார்த்து நான் கண்டதில்லை.

எதையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். இப்போது மென்பொருளில் பிழை எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்லும் வேலையில் அது சம்பளம் வாங்கித் தருகிறது. அப்போது திட்டு வாங்கித் தந்தது. வேனின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, அன்று காலையிலிருந்து சரியில்லாமல் இருந்தவற்றை மனசுக்குள் அடுக்கினேன். முதலாவது, எனக்குக் காய்ச்சல் என்று பெரியப்பா என் வகுப்பு டீச்சருக்குப் போன் செய்திருந்தார். எனக்குக் காய்ச்சல் இல்லை. இரண்டாவது, எல்லோரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். என்னை மட்டும் ஒருமுறை குளித்த பிறகும் குழாயடிக்கு இழுத்துப்போய் மறுபடி குளிப்பாட்டினார்கள். மூன்றாவது, புத்தகங்களை எடுத்துவிட்டு வெறும் பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான்காவது, அம்மா வரவில்லை. மாட்டுக்கு ஆள் வேண்டுமாம். அருவிக்குப் போகும்போதெல்லாம் மாட்டுக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவதுதான் பெரியது. பெரியம்மா விடிவதற்கு முன்பே எழுந்து மிளகாய் அரைத்து நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தாள். அதை உப்புப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் பெரியம்மாவின் எந்தக் குழம்பும் அடுப்பை விட்டு இறங்கியதில்லை. நான் கரண்டியைத் தொட்டேன், கையில் ஓர் அடி விழுந்தது.

"பெரிப்பா, எதுக்கு மியூசியம் போறம்?" என்று கேட்டேன்.

"படம் பாக்க."

"இன்னா படம்?"

"போனாத் தெரியும். குந்து."

அப்பா வேனை ஓட்டினார். பக்கத்தில் பெரியப்பா. நடு இருக்கையில் அத்தை தனியாக. கடைசியில் நானும் பெரியம்மாவும், எங்கள் காலடியில் தூக்குவாளியும் ஒயர்கூடையும். அத்தை அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. ரிஷிவந்தியம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. வரும்போது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். பஸ் கதவில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னாள். எந்த பஸ் என்று கேட்டேன். டவுன் பஸ் என்றாள். எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸுக்குக் கதவே கிடையாது. அத்தை பொய் சொல்கிறாள் என்று அன்றே தெரிந்துவிட்டது. எதற்காகச் சொல்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. மாமா அவளை அழைத்துப் போக அடிக்கடி வந்துகொண்டிருந்தார். வரும்போதெல்லாம் எனக்கு அல்வா வாங்கி வருவார், கணக்குப் போடச் சொல்லிச் சரியாகப் போட்டால் தலையைத் தடவிக்கொடுப்பார். எங்கள் வீட்டில் எல்லோரையும் நான் ஏதோ ஒரு விஷயத்தில் சந்தேகப்பட்டிருக்கிறேன். மாமாவை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை.

வரும் வெள்ளிக்கிழமை மாமா தன் சொந்தக்காரர்களோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அனுப்புகிறீர்களா, இல்லையா? அன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போகமாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டாள். கட்டிக்கொடுத்த பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்துக்கொள்வது என்று பெரியப்பா கேட்டார். அப்பா இரண்டு பேர் சொன்னதற்கும் தலையாட்டினார்.

தியாகதுருகம் தாண்டியதும் பெரியப்பாவே விஷயத்தைச் சொன்னார், என்னிடம் அல்ல, அப்பாவிடம். வேடியப்பனிடம் பூப்போட்டுக் கேட்டுவிடுவது. இரண்டு பூவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளைப் பூ வந்தால் அத்தை இங்கேயே இருக்கட்டும். சிவப்பு வந்தால் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோடு போகட்டும். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது.

வேடியப்பன் எங்கள் குலசாமி. கையில் வில்லோடு நிற்கும் ஒரு வீரனைச் செதுக்கிய பலகைக்கல். மலையடிவாரத்தில் எங்கள் கரும்புக் கொல்லையின் ஓரத்தில் மண்ணில் பாதி புதைந்து நின்றிருந்ததாம். நான் பிறப்பதற்கு முன்னால், வாய்க்காலை அகலப்படுத்தியபோது, அது பழைய காலத்துச் சிற்பம், பாதுகாக்க வேண்டியது என்று சொல்லி அதிகாரிகள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து அந்த இடத்தில் ஒரு செங்கல்லை நட்டு மஞ்சள் பூசிப் பொங்கல் வைத்து வந்தோம். பொங்கலுக்குச் செங்கல் போதும். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கேட்பதற்குப் போதாது என்பது பெரியப்பாவின் கட்சி.

"செங்கல்லுகிட்ட கேட்டா செங்கல்லுதான் பதில் சொல்லும்" என்றார்.

எனக்குக் காலையிலிருந்து அடுக்கியதெல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டு வந்தது. படையல் என்பதால் உப்புப் பார்க்கவில்லை, சாமி உண்பதற்கு முன்னால் மனுசர் வாய் படக்கூடாது. பூப்பொட்டலத்தை எடுப்பது ஒரு குழந்தையாக இருக்க வேண்டும், சுத்தமாகக் குளித்த குழந்தை. அந்தக் குழந்தை நான்தான். கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருந்தது. பொட்டலத்தை யார் கட்டுவது?

"உன் பெரிம்மா கட்டட்டும்" என்றார் பெரியப்பா. "அவளுக்கும் இவளுக்கும் ஆவாதுன்னு ஊருக்கே தெரியும். நாளைக்கு எவனும் பாசத்துல கட்டினான்னு சொல்ல முடியாது."

அது உண்மை. அத்தை வந்த நாளிலிருந்து பெரியம்மா அவளோடு சண்டைதான். தலைக்கு எண்ணெய் ஜாஸ்தி வைக்கிறாள், டிவியைப் போட்டுக்கொண்டு குந்துகிறாள், தண்ணீர் பிடிக்க ஆளில்லை என்று ஏதாவது ஒன்று. அத்தை போய்விட்டால் நிம்மதி என்று பெரியம்மா கிணற்றடியில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். எனவே எனக்கும் அந்த ஏற்பாடு நியாயமாகப் பட்டது. காலையில் கிணற்றடியிலிருந்து செவ்வரளி பறித்துவரச் சொன்னது பெரியம்மாதான். ஒன்று போதும் என்றாள். ஓர் இதழை எறும்பு கடித்திருந்த ஒரு பூவைக் கொண்டுவந்து கொடுத்தேன். நந்தியாவட்டையை அவளே பறித்துக்கொண்டாள். ஓடுகிற வேனில், மடியில் பூவரச இலைகளை வைத்து, வாழைநாரால் இரண்டு பொட்டலங்களைக் கட்டினாள். என்னை ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னாள். எடுக்கிற பிள்ளை கட்டுவதைப் பார்க்கக்கூடாதாம்.

அந்தக் கலைக்கூடம் இருந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வாசலில் இருந்த காவலாளி இன்னும் வேலையில் இருக்கக்கூடும். அவர் எங்களைப் பார்த்த முதல் பார்வையிலேயே எங்கள் மேல் நம்பிக்கை வைக்கவில்லை. தூக்குவாளியும் கூடையும் வேனிலேயே இருந்தன. சோறும் குழம்பும் போட்ட ஒரு சின்னச் சம்படமும் பொட்டலங்களும் என் பள்ளிக்கூடப் பையில் இருந்தன.

"பையில இன்னா பாப்பா?"

"நோட்டு" என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அவர் குனிந்து மூக்கை உறிஞ்சினார். "நோட்டு கொழம்பு வாசன அடிக்குதே."

"காலைல சாப்புட சொல்ல மேல ஊத்திக்கிச்சுங்க" என்றாள் பெரியம்மா. "சொன்னா கேக்குதுங்களா இந்தக் காலத்துப் புள்ளங்க."

அவர் விட்டுவிட்டார், ஆனால் நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டார்.

முன்கூடத்தில் ஓவியங்கள். நாயோடு நிற்கும் ஒரு வெள்ளைக்காரத் துரை, தங்கத் தகடு ஒட்டிய கிருஷ்ணன், மாம்பழங்கள் நிறைந்த ஒரு தட்டு. பெரியப்பா அவற்றைத் தாண்டி நேரே நடந்தார். சந்தேகம் வராமலிருக்க அப்பா மட்டும் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று தலையாட்டினார். அத்தை ஒரு படத்தின் முன்னால் உண்மையாகவே நின்றுவிட்டாள். பாதி திறந்த கதவின் பின்னால் ஒரு பெண். முகம் பாதிதான் தெரிந்தது. இன்னா பாக்கற என்று கேட்டேன்.

"யாருக்கோ காத்துக்கினு இருக்காளா, யாருக்கோ பயந்து ஒளிஞ்சிக்கினு இருக்காளான்னு தெரியல" என்றாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு அது. நான் படத்தின் கீழே எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன். அதில் சொல்லவில்லை.

கற்சிலைகள் பின்கூடத்தில் இருந்தன. எங்கள் வேடியப்பன் ஒரு மூலையில், இரும்புச் சங்கிலிக்குப் பின்னால், சிமெண்டுப் பீடத்தில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மஞ்சளும் எண்ணெயும் இல்லாமல் துடைத்து வைத்திருந்ததால் நோயிலிருந்து எழுந்தவர் மாதிரி இருந்தார். பக்கத்திலிருந்த அட்டையைப் பெரியப்பா என்னைப் படிக்கச் சொன்னார். நடுகல், போரில் இறந்த பெயர் தெரியாத வீரன், தொடாதீர்கள் என்று படித்தேன்.

"பேரு தெரியாதாமா?" பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டமா?"

காவலாளி வாசல் பக்கம் வேறு யாரிடமோ சத்தம் போடுவது கேட்டது. பெரியப்பா கண்ணைக் காட்டினார். எல்லாம் வேகமாக நடந்தது. சங்கிலிக்கு இந்தப் பக்கம் தரையில் இலைத் துண்டு விரித்து, சம்படத்தைத் திறந்து, பெரியம்மா சோற்றைக் கவிழ்த்துக் குழம்பை ஊற்றினாள். கற்பூரம் ஏற்றினால் புகை வரும் என்பதால் ஏற்றாமலே காட்டினாள். மிளகாய் நெடி மூடிய கூடத்தில் குப்பென்று ஏறியது. அப்பா தும்மினார்.

பெரியப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒத்தத் தும்மல் ஆவாதுடா. இன்னொண்ணு தும்மு."

"வரலியேண்ணா."

"வர வை."

அப்பா இலைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் இன்னொரு தும்மலை வரவழைத்தார். சகுனம் சரியானது. பெரியம்மா இரண்டு பொட்டலங்களையும் குலுக்கி வேடியப்பனின் முன்னால் போட்டாள். எடு பாப்பா என்றார்கள். நான் இரண்டையும் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே முடிச்சு. அத்தை சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அது லேசாக ஆடிச் சத்தம் போட்டது. அவள் என் கையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். கிட்டே இருந்த பொட்டலத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாழைநாரைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

வெள்ளை.

பெரியப்பா அந்த நந்தியாவட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு, "அந்த இன்னொண்ணயும் பிரி" என்றார்.

அதே நேரத்தில் காவலாளி வந்துவிட்டார். இலையைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், வரிசையாக எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாங்க இது, ஓட்டலா? நா அப்பவே நெனச்சேன்."

"புள்ள பசின்னுச்சு" என்றார் பெரியப்பா.

"பசிச்சா செலைக்கு முன்னாடிதான் குந்தணுமா? எழுந்திரிங்க. மேல கேமரா இருக்குது, எனக்குத்தான் கேள்வி வரும்." சொல்லிக்கொண்டே அவரும் தும்மினார், ஒருமுறைதான். பெரியம்மா கண்மூடித் திறப்பதற்குள் இலையைச் சுருட்டிச் சம்படத்தில் அடைத்து என் பையில் போட்டாள், தரையை முந்தானையால் துடைத்தாள். காவலாளி வாசல் வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தார்.

வேனருகே போனதும் பெரியப்பா கையை நீட்டினார். "அந்தப் பொட்டலம் எங்க?"

"சாமி காலடியிலயே இருக்குது" என்றாள் பெரியம்மா. "அவசரத்துல பீடத்துக்குப் பின்னால தள்ளிட்டேன். வேணும்னா போயி எடுத்தாங்க. அந்தாளு குந்திக்கினு இருக்கான்."

பெரியப்பா கலைக்கூடத்தின் வாசலைப் பார்த்தார். காவலாளி இடுப்பில் கைவைத்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும் வழியில் எலவனாசூர்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சாப்பிட நிறுத்தினோம். ஒயர்கூடையிலிருந்து இலைகளை எடுத்துவரச் சொன்னார்கள். இலைக்கட்டைத் தூக்கினேன். கூடையின் அடியில் ஒரு செவ்வரளி கிடந்தது. ஓர் இதழில் எறும்புக் கடி.

ஒரே ஒரு அரளிதான் பறித்தேன். அது இங்கே இருக்கிறது என்றால் பொட்டலத்தில் இல்லை. பெரியம்மா ஓடுகிற வேனில் கட்டிய குழப்பத்தில் சிவப்புக்குப் பதிலாக இன்னொரு வெள்ளையை வைத்துவிட்டாள். அத்தையை அனுப்ப ஆசைப்பட்ட பெரியம்மா, பாவம், தன் கையாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டாள். அவளுக்கு உதவி செய்ய எனக்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தோன்றியது. அதுவும் வீட்டில் யாரும் கண்டுபிடிக்காத பிழையை நான் கண்டுபிடித்திருக்கிறேன்.

பூவைக் கைக்குள் மூடிக்கொண்டு பெரியப்பாவின் முன்னால் போய் நின்றேன். "பெரிப்பா, இந்த..." என்று வாயைத் திறந்தேன்.

திறந்த வாய்க்குள் ஓர் உருண்டைச் சோறு வந்து இறங்கியது. குழம்பில் ஊறிய சோறு, நடுவில் ஒரு கறித்துண்டு. பெரியம்மா எப்போது பிசைந்தாள், எப்போது என் பக்கத்தில் வந்தாள் என்று தெரியாது. உப்புப் பார்க்காத, காரம் பார்க்காத அந்தக் குழம்பை முதலில் தின்றது நான்தான். நாக்கு, தொண்டை, காது என்று வரிசையாக நெருப்புப் பிடித்தது. நான் குதித்தேன், இருமினேன். மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஊற்றியது. அப்பா முதுகைத் தட்டினார், பெரியப்பா சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தண்ணீர் குடித்து நிமிர்ந்தபோது என் கை வெறுமையாக இருந்தது. பெரியம்மா ஏரியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். சாமிக்குப் படைத்ததை வீணாக்கக்கூடாது. பெரியப்பா ஒவ்வொரு வாய்க்கும் உஸ் உஸ் என்று ஊதினார். அப்பாவின் வழுக்கையில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. அத்தை தலையைக் குனிந்து தின்றாள், கண்ணீர் இலையில் சொட்டியது. காரம் அவளுக்குத்தான் ஜாஸ்தி ஏறிவிட்டது என்று நினைத்தேன். பெரியம்மா தூக்குவாளியோடு வந்து, கேட்காமலே அவள் இலையில் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

"போதும் அண்ணி."

"தின்னு. இனிமே எங்க வூட்லதான கெடக்கப் போற. இந்தக் கொழம்பத்தான் தின்னணும், பழகிக்க." சொல்லிவிட்டு வாளியை ணங்கென்று வைத்தாள்.

அத்தை அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. இன்றுவரைக்கும் போகவில்லை. மாமா அல்வாவோடு வருவதும் நின்றுவிட்டது. கொஞ்ச நாள் எனக்கு அதில் வருத்தம் இருந்தது.

கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் மலை தெரிய ஆரம்பித்தது. அத்தை ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். பல நாள் தூக்கம் பாக்கி வைத்தவள் மாதிரி, வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் பெரியம்மாவின் காதருகே போய், "செவப்புப் பூவ நீங்க கட்ட மறந்துட்டீங்க பெரிம்மா" என்றேன்.

"ஆமா. மறந்துட்டேன்."

"சாமி கோவிச்சுக்காதா?"

"அவருகிட்ட நா சொல்லிக்கிறேன்." காலடியில் ஆடிய தூக்குவாளியை நிமிர்த்தி வைத்தாள். "எனக்கும் பூப்போட்டுப் பாத்திருக்காங்க. ரெண்டு வாட்டி."

"எதுக்கு?"

"இதே மாதிரிதான். எங்கம்மா வூட்டுக்கு வந்துட்டேன். திருப்பி அனுப்பறதா வேணாமான்னு."

"இன்னா பூ வந்துச்சி?"

"செவப்பு."

"ரெண்டு வாட்டியுமா?"

"ரெண்டு வாட்டியும்."

"பொட்டலம் யாரு கட்டினாங்க?"

"எங்கண்ணன்."

இரண்டு பூவில் ஒரே பூ இரண்டு முறை வருவது நடக்கக்கூடியதுதான். நான் காசு சுண்டிப் பார்த்திருக்கிறேன், தலையே தொடர்ந்து விழும். காலையிலிருந்து எத்தனையோ விஷயங்களில் சந்தேகப்பட்ட எனக்கு இதில் சந்தேகப்பட ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. மாறாக, வேறொன்று தோன்றியது. அதை அவளிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப செவப்பும் நல்ல பூதான் பெரிம்மா. இல்லாங்காட்டி நீங்க பெரிப்பாகிட்ட திரும்பி வந்திருக்க மாட்டீங்களே. நம்ம வூட்ல இருந்திருக்க மாட்டீங்களே."

வாய் இன்னும் எரியுதா என்று பெரியம்மா கேட்டாள். கொஞ்சம் என்றேன். முன்னிருக்கையில் தூக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெரியப்பாவின் பிடரியைப் பார்த்தபடியே, முந்தானையை எடுத்து எனக்கு விசிறிவிட்டாள்.